ஒரே மாதிரி எட்டு சென்சார், எட்டு விதமான குளிர்: கேத்தி தோட்டத்துக்கு அளவுத்திருத்தம் எப்படிச் செய்வது?

கேத்தி_அடுக்கு | நவம்பர் 4, இரவு 9:15

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தி பள்ளத்தாக்கில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், எட்டு அடுக்காக ஓடை வரை இறங்குகிறது. மேலே கேரட், கீழே உருளைக்கிழங்கு. போன ஜனவரியில் ஒரே ராத்திரி உறைபனியில் கீழ் இரண்டு அடுக்கும் போய்விட்டன. விடியற்காலை போய்ப் பார்த்தபோது உருளைச் செடி இலையெல்லாம் வெள்ளை பூத்து நின்றது. வெயில் ஏறியதும் வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி கருத்துத் தொங்கிவிட்டது. ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால் ஸ்பிரிங்ளர் போட்டிருப்போம்.

இந்த வருஷம் அப்படி விடக்கூடாது என்று டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் எட்டு வாங்கினேன். ஸ்டீல் குழாய்க்குள் அடைத்து ஒயரோடு வருமே, அதுதான். எட்டும் ஒரே கடை, ஒரே பாக்கெட். சென்சாரைப் படிக்கும் குட்டிக் கணினியான ஈஎஸ்பி32 போர்டு மூன்றில் பிரித்து மாட்டி, அடுக்குக்கு ஒன்றாக வைக்கப் போகிறேன். 1ஆம் எண் மேலே, 8ஆம் எண் ஓடையோரம். வைப்பதற்கு முன்னால் எட்டையும் ரப்பர் பேண்டு போட்டு ஒரே கட்டாகக் கட்டி, மேஜைமேல் வைத்துப் பார்த்தேன்:

16.81, 17.06, 16.94, 17.25, 16.88, 17.00, 18.13, 16.94

ஒரே அறை, ஒரே காற்று. ஆனால் குறைந்ததற்கும் கூடியதற்கும் 1.3 டிகிரி இடைவெளி. பயிர் பிழைப்பதும் சாவதும் ஒரு டிகிரியில்தான் இருக்கிறது. எட்டையும் சராசரி எடுத்து, அந்தச் சராசரிக்கு எல்லாவற்றையும் நகர்த்திவிட்டால் போதுமா?

குன்னூர்_பட்டறை | நவம்பர் 4, இரவு 10:40

தம்பி, நான் தேயிலை ஃபேக்டரியில் 31 வருஷம் கருவிகள் பார்த்தவன். தோட்டத்தில் வைப்பதற்கு முன்னால் கட்டாகக் கட்டிப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுவே பாதி வேலை. பல பேர் வைத்துவிட்டு அப்புறம்தான் யோசிப்பார்கள்.

இலை வாட்டுகிற இடத்தில் உலர்குமிழ், ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் என்று இரண்டு தெர்மாமீட்டர் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்று கணிப்போம். இரண்டும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசமே பொய். அதனால் அவ்வப்போது ஈரத்துணியைக் கழற்றிவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். உங்கள் ரப்பர் பேண்டு கட்டும் அதே வேலைதான்.

சராசரி வேண்டாம். 7ஆம் எண் ஒன்றே சராசரியை மேலே இழுத்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சராசரி 17.13. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 16.97. நடு மதிப்புதான் பத்திரம். இந்த சிப்புக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உத்தரவாதம் -10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரி கூட அல்லது குறைய. மற்ற ஏழும் அதற்குள் வந்துவிடுகின்றன, 7 வரவில்லை.

இன்னொன்று. கணக்கில் சேர்ப்பதற்கு முன் 85 என்றும் -127 என்றும் வரும் எண்களைத் தூக்கிவிடுங்கள். முதலாவது மின்சாரம் வந்தவுடன் அளக்காமலே சொல்லும் எண். இரண்டாவது ஒயர் விட்டுப்போனால் நிரல் தரும் எண்.

எட்டும் ஒத்துப்போனாலும் எட்டும் சேர்ந்து தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் நிஜமான ஒரு புள்ளி வேண்டும். அதற்கு ஐஸ்தான். கொதிநீரை நம்பி இறங்காதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதுவும் அன்றைய காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும். ஐஸ் உருகுவது மெரினாவிலும் தொட்டபெட்டாவிலும் 0தான். நமக்கு வேண்டிய இடமும் அந்த 0தானே.

கேத்தி_அடுக்கு | நவம்பர் 6, மாலை 6:30

ஐயா, ஐஸ் வைத்துப் பார்த்தேன். குழப்பம்தான் கூடியது. வாளியில் தண்ணீர் விட்டு ஐஸ் கட்டிகளைப் போட்டு, சென்சார் கட்டை அடிவரை இறக்கி இருபது நிமிஷம் விட்டேன். எல்லாமே 2.5க்கு மேலே காட்டுகின்றன. கொஞ்சம் தூக்கினால் 1.2. எட்டும் கெட்டதா?

குன்னூர்_பட்டறை | நவம்பர் 6, இரவு 8:05

கெட்டது எதுவும் இல்லை தம்பி, அது தண்ணீரின் குணம். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம். அந்தத் தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஐஸ் மேலே மிதக்கும். உங்கள் சென்சார் அடியில் இருந்த தண்ணீரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

வாளியை விடுங்கள். வாய் அகன்ற ப்ளாஸ்க் எடுங்கள். சுத்தமான தண்ணீரில் உறையவைத்த ஐஸைத் துணியில் கட்டி, சுத்தியலால் தட்டி, ரவை ரவையாக உடையுங்கள். ப்ளாஸ்க் நிறைய ஐஸ், இடுக்கை நிரப்புகிற அளவுக்கு மட்டும் தண்ணீர். கையில் அள்ளினால் கூழ் மாதிரி நிற்க வேண்டும், ஓடக்கூடாது. ஐஸ் மிதக்க ஆரம்பித்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம், வடித்துவிடுங்கள். சென்சார் கட்டை நடுவில் செருகுங்கள், ப்ளாஸ்க் சுவரில் படக்கூடாது. மெதுவாகக் கிளறிவிட்டு, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். உப்புக் கை படக்கூடாது. உப்பு சேர்ந்தால் 0க்குக் கீழே போய்விடும்.

ஊட்டி_காளான் | நவம்பர் 6, இரவு 9:20

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மொட்டுக்காளான் அறையில் ஈரப்பத சென்சார் நாலு வைத்திருக்கிறேன். ஒன்று 84, ஒன்று 93. ஈரப்பதத்துக்கு ஐஸ் மாதிரி ஏதாவது உண்டா?

குன்னூர்_பட்டறை | நவம்பர் 6, இரவு 9:50

உண்டு, சமையல் உப்பு. ஒரு சின்ன மூடியில் உப்பு எடுத்து, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். கரைந்துவிடக்கூடாது. அதையும் நாலு சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு நாள் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். 20 டிகிரியிலும் 25 டிகிரியிலும் கிட்டத்தட்ட அதே எண் என்பதால் நம் குளிரிலும் நம்பலாம். காளான் அறை மாதிரி 90க்கு மேலே மாதக்கணக்கில் இருக்கும் சென்சார் மெல்ல மெல்லக் கூட்டிச் சொல்ல ஆரம்பிக்கும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். விரிவாக வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

கேத்தி_அடுக்கு | நவம்பர் 8, மாலை 5:10

இப்போது சரியாக வந்தது. ப்ளாஸ்க் முறையில், கூழ் ஐஸில், வரிசைப்படி:

-0.19, 0.06, 0.00, 0.31, -0.13, 0.06, 0.69, 0.00

எண்கள் பத்து நிமிஷத்துக்கு அசையவே இல்லை. இந்த எண்களை அப்படியே கழித்துவிட்டால் போதுமா?

கொடை_கணக்கு | நவம்பர் 8, இரவு 7:45

நான் கொடைக்கானலில் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்பில் நேர்கோட்டுச் சமன்பாடு நடத்தும்போது எதற்கு இது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இனி உங்கள் சென்சாரைத்தான் காட்டப் போகிறேன்.

உங்களிடம் இப்போது இரண்டு புள்ளி இருக்கிறது. ஐஸில் 0, மேஜையில் 16.97. 4ஆம் எண்ணைப் பாருங்கள். ஐஸில் 0.31 கூட, மேஜையில் 0.28 கூட. கிட்டத்தட்ட ஒரே அளவு. இந்த சிப்பின் ஒரு படியே 0.0625 டிகிரி என்பதால், 0.03 வித்தியாசத்துக்கு அர்த்தம் தேடக்கூடாது. இதற்குக் கழித்தல் மட்டும் போதும். 1ஆம் எண்ணும் அப்படித்தான்.

7 வேறு மாதிரி. ஐஸில் 0.69 கூட, மேஜையில் 1.16 கூட. சூடு ஏற ஏறப் பிழையும் ஏறுகிறது. வெறுமனே நகர்ந்திருக்கவில்லை, அதன் அளவுகோலே நீண்டிருக்கிறது. இதற்குக் கழித்துவிட்டுப் பெருக்கவும் வேண்டும்: காட்டும் எண்ணிலிருந்து 0.69 கழித்து, 0.973ஆல் பெருக்குங்கள். 18.13க்குப் போட்டால் 16.97 வரும்.

மற்ற ஏழுக்கும் பெருக்கல் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டே புள்ளியில் சாய்வு கண்டுபிடித்தால் அளவில் தற்செயலாக வரும் சின்ன ஆட்டத்துக்கும் சேர்த்துக் கோடு போட்டுவிடுவோம். சரியான சென்சாருக்குத் தேவையில்லாத திருத்தம் போடுவதும் ஒரு பிழைதான்.

உதகை_தரவு | நவம்பர் 8, இரவு 11:30

சொந்த ஊர் ஊட்டி, கோவையில் தரவு வேலை பார்க்கிறேன். ஐஸ், ப்ளாஸ்க் எல்லாம் இல்லாமலே இதைச் செய்ய முடியும். சென்சார்களைத் தோட்டத்திலேயே ஒரு மாதம் ஓடவிடுங்கள். ஒவ்வொன்றின் அளவுகளையும் சின்னதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்துங்கள். அந்த வரிசையை நூறு பங்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கின் எல்லையில் நிற்கும் எண்தான் நூற்றுமானம். ஒவ்வொன்றின் நூற்றுமானத்தையும் மொத்தக் கூட்டத்தின் நூற்றுமானத்தோடு பொருத்துங்கள். வளைவு, நீட்சி, நகர்வு எல்லாம் ஒரே அடியில் சரியாகிவிடும். ஒரே மாதிரி கருவி என்றால் ஒரே மாதிரி பரவல் வர வேண்டும், அவ்வளவுதான். வேலையில் தினமும் செய்கிறேன்.

கொடை_கணக்கு | நவம்பர் 9, காலை 6:50

தம்பி, கருவி ஒன்றுதான். அது நிற்கிற இடம் ஒன்றா? 8ஆம் எண் ஓடையோரம், 1ஆம் எண் மேட்டில். தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நீங்கள் சொல்கிறபடி பொருத்தினால் 8இன் மிகக் குளிர்ந்த இரவும் 1இன் மிகக் குளிர்ந்த இரவும் ஒரே எண் ஆகிவிடும். எட்டும் அழகாக ஒத்துப்போகும், கீழடுக்கில் உருளை கருகும். எந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க சென்சார் வாங்கினாரோ அதையே கணக்கு தின்றுவிடும்.

எங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்தில் கண்ணாடித் தகடு மாறும், ஃபிலிம் மாறும், கழுவிய விதம் மாறும். ஒரே சூரியன் ஒரு படத்தில் வெளிறியும் இன்னொன்றில் அடர்ந்தும் இருக்கும். கணினியில் ஏற்றி ஒரே அளவுக்குக் கொண்டுவரும்போது, படம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்த முடியாது. பிரகாசமான பகுதிகள் ஏறக்குறைய 11 வருஷச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன, அதையும் சமமாக்கிவிட்டால் சுழற்சியே காணாமல் போகும். அதனால் பெரிதாக மாறாத அமைதியான பரப்பை எடுத்து, அதை அளவுகோலாக வைத்துச் செய்த வேலைகள் உண்டு. எது மாறாது என்று சூரியனைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும், கணக்குக்கு அது தெரியாது.

கேத்தி தோட்டத்தில் அப்படி மாறாத ஒன்று என்ன என்று கண்டுபிடித்தால் உங்கள் முறையும் பலிக்கும்.

கேத்தி_அடுக்கு | நவம்பர் 9, இரவு 8:20

டீச்சர் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நாற்பது வருஷமாக இதே எட்டு அடுக்கில் நிற்பவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "மேகம் தரையில படுத்துக்கிட்டு தூறல் போடுற ராத்திரி இருக்கு பாரு, அன்னிக்கு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் குளிர் ஒண்ணுதான். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்து காத்தும் இல்லேன்னாதான் கீழ தனியா கடிக்கும்."

வடகிழக்குப் பருவமழை நடக்கிறது. அந்த மாதிரி ராத்திரிக்குப் பஞ்சமே இல்லை. நாளையே தோட்டத்தில் வைத்துவிடுகிறேன்.

உதகை_தரவு | நவம்பர் 9, இரவு 10:05

அண்ணா, அப்பா சொன்னதைப் படித்தபின் என் பதிவைத் திருப்பிப் பார்த்தேன். டீச்சர் சொன்னது சரி, நான் சொன்னது உங்கள் நிலத்துக்குப் பொருந்தாது. அப்பா சொன்ன ராத்திரிகளை மட்டும் எடுத்தால் பொருந்தும்.

காரணமும் தெளிவாக இருக்கிறது. மேகம் மூடிய இரவில் தரையின் வெப்பம் வானத்துக்குத் தப்பிப் போவதில்லை, காற்றும் கலந்துகொண்டே இருக்கிறது. அதனால் குளிர் காற்று தேங்க வழியில்லை. மிஞ்சுவது உயர வித்தியாசம் மட்டும். நிறைவுற்ற ஈரக் காற்றில் 100 மீட்டருக்கு அரை டிகிரி சொச்சம். உங்கள் மேலடுக்குக்கும் ஓடைக்கும் எவ்வளவு இறக்கம்?

கேத்தி_அடுக்கு | நவம்பர் 9, இரவு 10:15

18 மீட்டர் இருக்கும்.

உதகை_தரவு | நவம்பர் 9, இரவு 10:30

அப்போது 0.1 டிகிரிதான். அதையும் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அப்பாவிடம் ஒரு நோட்டு கொடுங்கள். தினமும் படுக்கப் போகும்முன் "மூட்டம்", "தெளிவு", "பாதி" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். மூட்ட இரவுகளில் 11 மணி முதல் 4 மணி வரை எடுத்து, ஒவ்வொரு சென்சாரையும் மற்ற ஏழின் நடு மதிப்போடு ஒப்பிடுவோம். தன்னையே சேர்த்துக்கொண்டு ஒப்பிடக்கூடாது, பிழை ஒளிந்துகொள்ளும்.

கேத்தி_அடுக்கு | டிசம்பர் 3, இரவு 9:00

நோட்டில் "மூட்டம்" என்று ஒன்பது ராத்திரி. ஐஸ் திருத்தம் போட்டபின் அந்த ஒன்பதிலும் எட்டு சென்சாரும் 0.15 டிகிரிக்குள் நிற்கின்றன. 7ஆம் எண்கூட. பார்த்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தெளிவு" என்று எழுதிய ராத்திரிகளில் மேலுக்கும் கீழுக்கும் 3 டிகிரிக்கு மேல் விரிகிறது. அதில் ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. 5ஆம் எண், தனக்கு மேலே இருக்கும் 4ஐவிடவும் சூடாகக் காட்டுகிறது. ஒன்றரை டிகிரி வரை. மூட்ட இரவில் ஒழுங்காக இருக்கிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

உதகை_தரவு | டிசம்பர் 3, இரவு 9:40

5ஐயும் 6ஐயும் இடம் மாற்றி வையுங்கள். கூடுதல் சூடு சென்சாரோடு போனால் பழுது சென்சாரில். அதே இடத்தில் நின்றால் இடத்தின் குணம்.

கேத்தி_அடுக்கு | டிசம்பர் 7, காலை 7:30

மாற்றினேன். இரண்டு தெளிந்த ராத்திரி பார்த்தாயிற்று. சூடு அதே இடத்தில் நிற்கிறது. இப்போது 6ஆம் எண் அங்கே போய் அதே ஒன்றரை டிகிரி கூட்டிச் சொல்கிறது.

அப்பா வந்து ஒரு நிமிஷம் நின்றார், கல் கட்டுச் சுவரில் கை வைத்தார். ராத்திரி எட்டு மணிக்கும் வெதுவெதுப்பாக இருந்தது. பகல் வெயிலை வாங்கி வைத்து ராத்திரி விடுகிற சுவர், சென்சார் கம்பு அதற்கு ஒரு சாண் தூரத்தில். மூட்ட நாளில் வெயிலே இல்லை, அதனால் வித்தியாசமும் இல்லை. கம்பைப் பாத்தி நடுவுக்கு மாற்றிவிட்டேன்.

பூம்பாறை_பூண்டு | டிசம்பர் 7, பகல் 1:15

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். நல்ல இழை. ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி, சென்சாரை எந்த உயரத்தில் வைத்திருக்கிறீர்கள்?

வானிலை நிலையத்தில் தெர்மாமீட்டர் மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்கும். தெளிந்த இரவில் அது 3 டிகிரி காட்டும்போதே புல்லின்மேல் வெள்ளை விழுந்திருக்கும், ஏனென்றால் தரையும் இலையும் நேராக வானத்தைப் பார்த்து வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கின்றன. இடுப்பு உயரத்தில் கட்டிய சென்சாரை எவ்வளவு திருத்தினாலும் அது இடுப்பு உயரக் குளிரைத்தான் சொல்லும். பூண்டுக்கு நான் ஒரு சாண் உயரத்தில், மூடாமல், வானம் தெரிய வைக்கிறேன். எட்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், ஒரு கை அகலம்கூட மாறக்கூடாது.

கேத்தி_அடுக்கு | டிசம்பர் 7, இரவு 7:00

அண்ணா, முழங்கால் உயரத்தில் இருந்தது, அதுவும் ஒன்றுக்கொன்று மாறி மாறி. இன்று சாயங்காலம் எட்டையும் உருளைச் செடியின் தலை மட்டத்துக்கு இறக்கிவிட்டேன். குச்சியில் கோடு போட்டு அளந்து கட்டினேன். அலாரத்தை 8ஆம் எண் 2 டிகிரி தொட்டால் அடிக்கும்படி வைத்திருக்கிறேன்.

குன்னூர்_பட்டறை | டிசம்பர் 7, இரவு 8:30

2 நல்ல எண், மோட்டாரைப் போட நேரம் கிடைக்கும். ஸ்பிரிங்ளரைப் போட்டால் வெயில் வந்து ஐஸ் உருகும்வரை நிறுத்தக்கூடாது. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் விடும், அதுதான் இலையை 0க்குப் பக்கத்தில் பிடித்து வைக்கிறது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகும், அது வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டுதான் ஆவியாகும். போடாமல் இருந்ததைவிட மோசமாகிவிடும்.

கேத்தி_அடுக்கு | ஜனவரி 11, காலை 9:40

நேற்று ராத்திரி விழுந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கே அப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் "தெளிவு" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். இதுவரை ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

2:50க்கு அலாரம். 8ஆம் எண் 1.94, 7ஆம் எண் திருத்தியபின் 2.4, மேலே 1ஆம் எண் 5.1. திருத்தாமல் விட்டிருந்தால் 7 மூன்றுக்கு மேலே காட்டியிருக்கும், அந்த அடுக்குக்குத் தண்ணீர் தேவையில்லை என்று நினைத்திருப்பேன். அப்பா ஏற்கெனவே டார்ச்சோடு மோட்டார் ரூமில் இருந்தார். 3:10க்குக் கீழ் மூன்று அடுக்கிலும் ஸ்பிரிங்ளர் ஓடியது. 5:30க்கு ஓடைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் படாத புல்லில் வைத்திருந்த பழைய தெர்மாமீட்டர் -1.5. வெயில் வந்து எட்டரை வரை நிறுத்தவில்லை.

கீழடுக்கின் ஓரத்தில் ஸ்பிரிங்ளர் எட்டாத இரண்டு வரிசை கருத்துவிட்டது. மற்றதெல்லாம் பச்சையாக நிற்கிறது. அந்த மூலைக்கு இன்னொரு தலை மாட்ட அரை அங்குல டீ ஜாயின்ட் வாங்க இன்று ஊட்டிக்குப் போகிறேன். 6ஆம் எண் நேற்று மட்டும் இரண்டு தடவை 85 காட்டியது, ஒயரில் தண்ணீர் இறங்கியிருக்குமோ ஐயா? கழற்றி ஒரு முறை ஐஸில் வைத்துப் பார்க்கிறேன்.

குன்னூர்_பட்டறை | ஜனவரி 11, காலை 10:05

மூட்டு போட்ட இடத்தை முதலில் பாருங்கள் தம்பி, டேப் மட்டும் சுற்றியிருந்தால் உள்ளே ஈரம் இருக்கும். காயவைத்துச் சூட்டில் சுருங்கும் குழாய் போட்டுவிட்டு, அப்புறம் ஐஸ். அப்பாவிடம் சொல்லுங்கள், அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன் என்று.